சிலுப்பாத கிடாய்

எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பு ஒரு கருப்புக் கிடாயிடம் போய்ச் சேர்ந்தது. சிரிக்க வேண்டாம். கொல்லிமலையில் எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பெரிய காரியம் எதுவானாலும் கடைசி வார்த்தை கிடாயினுடையதுதான். கருப்பனார் கோயில் முன்னால் கிடாயைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கேள்வியை உரக்கச் சொல்லி, அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமிக்குச் சம்மதம். மூன்று முறை ஊற்றியும் சும்மா நின்றால் சம்மதமில்லை. வெள்ளைக்காரன் கோர்ட்டிலாவது மேல்கோர்ட்டு என்று ஒன்று உண்டு. கருப்பனாரிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று அறுப்பு, அதாவது மூன்று வருஷம் கழிந்த பிறகு வேண்டுமானால் இன்னொரு கிடாயோடு வந்து கேட்டுக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு வயது பதினைந்து. வெள்ளைக்காரன் நாட்டை ஆண்டுகொண்டிருந்தான் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மலையில் சில ஊர் சேர்ந்தால் அதற்குப் பெயர் ஒரு நாடு. எங்கள் தேவனூர் நாட்டை ஆண்டுகொண்டிருந்தவை கிளிகள். தினையில் பால் பிடித்துவிட்டால் போதும், எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிடும். விடிந்ததும் கொல்லைக்காட்டுக்குப் போய், நான்கு கால் நட்டுக் கட்டிய பரண்மேல் ஏறி உட்கார்ந்து, பொழுது சாயும்வரை தகரம் தட்டிக் கிளி விரட்டுவது என் வேலை. தகரம் என்றால், அப்பா மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போனபோது வாங்கிவந்த பழைய மண்ணெண்ணெய்த் தகரம். குச்சியால் ஒரு போடு போட்டால் எதிர்மலை இரண்டு தடவை திருப்பிச் சொல்லும்.

எங்கள் கொல்லை கீழே ஓர் ஓடையில் போய் முடியும். ஓடைக்கு அக்கரையில் வேறொருவர் கொல்லை. அந்த வீட்டு ஆம்பிளை அந்த வருஷம் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவர் மனைவியின் தம்பி பெரக்கரை நாட்டிலிருந்து காவலுக்கு வந்திருந்தான். பதினேழு வயது இருக்கும். அவனை முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது ஆத்திரம். அவன் விரட்டுகிற கிளியெல்லாம் ஓடையைத் தாண்டி என் தினையில் வந்து உட்கார்ந்தன.

"ஏனுங்க! உங்க கிளிய உங்க பக்கமே வெச்சுக்கங்க!" என்று பரணிலிருந்து கத்தினேன்.

"எங்க கிளின்னு எப்படிங்க தெரியும்? நெத்தில பேரு எழுதியிருக்குதுங்களா?" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

வந்ததே கோபம். தகரத்தை உடைத்துவிடுகிற மாதிரி அடித்து, அத்தனை கிளிகளையும் அவன் பக்கம் திருப்பி அனுப்பினேன். அவன் கவணில் கல் வைத்துச் சுற்றி என் பக்கம் அனுப்பினான். பாவம் அந்தக் கிளிகள், அன்றைக்கு ஒரு வாய்கூடத் தின்றிருக்காது. சாயங்காலம் இறங்கி வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஆனால் நாளை எப்போது விடியும் என்று இருந்தது.

மறுநாள் அவன் கவணில் கல்லுக்குப் பதிலாகக் கொய்யாப்பழம் ஒன்றை வைத்து எறிந்தான். குறி நன்றாகத்தான் இருந்தது, பழம்தான் தாங்கவில்லை. பரண் காலில் பட்டுச் சிதறி மண்ணில் விழுந்தது. அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து இறங்கி, மண்ணைத் துடைத்து, ஒட்டியிருந்த மண்ணோடேயே தின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ கொய்யா தின்றாயிற்று. அந்த ருசி வேறெதற்கும் இல்லை. சொன்னால் என் பிள்ளைகள் கண்ணைச் சிமிட்டிக்கொள்கிறார்கள், போகட்டும்.

இப்படியே ஒரு மாதம். காலையில் வந்ததும் அவன் தன் தகரத்தை மூன்று தட்டுத் தட்டுவான். நான் இரண்டு தட்டு. அப்படியென்றால் வந்துவிட்டேன் என்று அர்த்தம். நடுவில் ஓடை இருந்தது. அதைத் தாண்டலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் துணிச்சல் வந்திருக்காது. சொல்ல வேண்டியதையெல்லாம் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்க அவன் தன் வீட்டுப் பசு கன்று போட்ட கதையைச் சொன்னான். நான் முழுக்கக் கேட்டேன். இன்றைக்கு யாராவது ஒரு மாட்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினால் எழுந்து போய்விடுவேன்.

தினை முற்றுகிற சமயத்தில் ஒரு நாள் திடீரென்று கேட்டான்.

"எங்கூட்ல இருந்து வந்து பொண்ணு கேக்கச் சொல்லட்டுங்களா?"

அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு உரக்கக் கேட்டவன் இந்த உலகத்தில் அவனாகத்தான் இருப்பான். மலை வேறு இரண்டு தடவை திருப்பிக் கேட்டது.  "சொல்லுங்க" என்று கத்திவிட்டு, தகரத்தைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்து மறைத்துக்கொண்டேன். அன்று பொழுது சாயும்வரை அதை இறக்கவில்லை.

அறுப்புக்கு நாள் பார்ப்பதற்காக அப்பா கொல்லைக்கு வந்தார். அப்பா அதிகம் பேசாத மனிதர். கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார். மேல்பக்கத்தில் தினை மொட்டையாக நின்றது. நடுவில் பாதிக்குப் பாதி. ஓடையோரத்தில் மட்டும் ஒரு கதிர் குறையாமல் தலை சாய்ந்து கிடந்தது. அப்பா ஓடையோரத்தில் நின்று கதிரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, அக்கரைப் பரணைப் பார்த்தார். அங்கே ஒருவன் சட்டென்று குனிந்துகொண்டான்.

"கிளிக்கு ஓடையோரத்துத் தினை புடிக்கலியாட்ட இருக்குது" என்றார் அப்பா.

 வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா திரும்பாமலே சொன்னார்: "மாமன் ஊடு இருக்கறப்ப அக்கரைய எதுக்குக் கண்ணு பாக்கறே? இத்தோட உட்ரு." அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

மாமன் என்றது என் அம்மாவின் அண்ணனை. எங்களில் ஒரு பெண் பிறந்தால் தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் உரிமை. மாமன் தன் வாயால் வேண்டாம் என்று சொன்னால்தான் இன்னொரு வாசலிலிருந்து வெற்றிலை வாங்கலாம். அவரை மீறிக் கொடுத்தால் அவர் அந்த வீட்டு நல்லதுக்கும் வரமாட்டார், கெட்டதுக்கும் வரமாட்டார். நான் தொட்டிலில் கிடக்கும்போதே அம்மா தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாமன் மகன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதில் என் மூக்கில் மிளகைத் திணித்தவர், அவ்வளவுதான். அவருக்கும் என்மேல் பெரிதாக ஆசையெல்லாம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அதை யார் கேட்டார்கள்?

மறுநாளிலிருந்து பரணுக்கு அப்பாவே போனார். அக்கரைக்காரனுக்கு அது தெரியாது. காலையில் வழக்கம்போல மூன்று தட்டுத் தட்டியிருக்கிறான். அப்பா என்ன நினைத்தாரோ, அவரும் தட்டியிருக்கிறார். சாயங்காலம் வந்து களி சாப்பிடும்போது, "அந்தப் பையன் தகரம் நல்லாத் தட்டறான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சட்டியில் தலையை விட்டுக்கொண்டேன்.

அறுப்பு முடிந்த வாரமே பெரக்கரை நாட்டிலிருந்து அவன் அப்பா வெற்றிலையோடு வந்துவிட்டார். முறையில் தப்பில்லை, எங்களோடு பெண் கொடுத்து வாங்குகிற வகையறாதான். ஆனால் அந்தச் சேதி மாமன் காதுக்குப் போய், இரண்டாம் நாளே அவரும் வெற்றிலையோடு வந்து நின்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் மொகத்துல எப்படீடி முழிப்பன்? எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வாசலு. அதையும் அடச்சுப்போட்டு நான் எங்க போவன்?" என்று என்னைப் பார்த்து அழுதாள்.

அம்மா அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வயதில் அம்மாவுக்கு அண்ணன் என்றால் என்ன என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அப்பா இரண்டு தட்டு வெற்றிலையையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பிறகு, "கருப்பனாரக் கேட்டுருவம்" என்றார்.

"முறைக்காரன் நானு. எங்காரியத்த மொதல்ல கேளுங்க" என்றார் மாமன். நான்கு நாள் கழித்து என்று முடிவாயிற்று. கிடாய் எங்கள் வீட்டுக் கிடாய்தான். தாய் செத்துப்போய், நான் கையால் பால் புகட்டி வளர்த்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கிடாய் சிலுப்பினால் மாமன் வீடு. சிலுப்பாவிட்டால் மாமனின் உரிமை போயிற்று, அக்கரைக்கு வழி திறந்துவிடும். ஆக, கிடாய் சிலுப்பக் கூடாது. என் புத்தி அதுவரைக்கும்தான் ஓடியது. ஆனால் அந்த அளவுக்கு அது நன்றாகவே ஓடியது. ஆடு எதனால் சிலுப்புகிறது? தண்ணீர் பட்டால் கூச்சம், குளிர். அதைப் பழக்கிவிட்டால்?

விடிந்ததும் கிடாயை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்குழிக்கு இழுத்துப்போனேன். சுரைக்குடுக்கையில் மொண்டு மொண்டு அதன் தலையில் ஊற்றினேன். முதல் நாள் ஊற்றிய தடவையெல்லாம் சிலுப்பியது. நான்தான் நனைந்தேன். விடவில்லை. காலை, மதியம், மாலை. இரண்டாம் நாள் பத்துக்கு நாலு தடவை சிலுப்பியது. மூன்றாம் நாள் காதுக்குள்ளே ஊற்றினாலும் அசைபோட்டுக்கொண்டு நின்றது. எனக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டியும்கொண்டேன்.

அம்மா பார்த்துவிட்டு, "சாமிக்குப் போற கெடாய்னு எம்புட்டுச் சுத்தமா வெச்சிருக்கறா பாரு! மாமன் ஊட்டுக்குப் போற பொண்ணுன்னா இந்தப் பொறுப்பு வேணும்" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். அப்பாவும் அந்தப் பக்கமாக வந்தார். மாட்டுக்குப் புல் சுமந்துகொண்டு வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"கெடாய்க்குக் குளுராதா கண்ணு?"

"சாமிக்குப் போறது சுத்தமா இருக்கோணுமில்லீங்கப்பா."

"இருக்கோணும், இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பனார் கோயிலில் அன்றைக்கு நல்ல கூட்டம். மாமனும் மாமன் மகனும் ஒரு பக்கம். அக்கரைக்காரனும் அவன் அப்பாவும் அக்காள் புருஷனும் எதிர்ப்பக்கம். அவனை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே அன்றுதான். ஓடையின் அகலம் இல்லாமல் பார்க்க வெட்கமாக இருந்தது. அவன் உள்ளங்கையில் கவண் கயிறு அறுத்த தழும்பு தெரிந்தது.

பூசாரி கிடாயை நிறுத்தினார். "கருப்பா! பொண்ணத் தாய்மாமன் ஊட்டுக்குக் குடுக்கச் சம்மதமா? சம்மதம்னா சிலுப்பிக் குடு!" என்று சொல்லி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடாய் நின்றது. இரண்டாம் முறை ஊற்றினார். காதை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பியது. எனக்கு உயிர் போய் வந்தது. மூன்றாம் முறை. கிடாய் மூக்கில் வழிந்த மஞ்சள் தண்ணீரை நக்கிக்கொண்டு அசைபோட்டது.

"வாக்குக் குடுக்கலீங்க" என்றார் பூசாரி.

மாமனின் முகம் கறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து போகப்போகிறார் என்று தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள்ளே ஒரே கொண்டாட்டம். அவன் பக்கம் பார்த்தேன், அவனும் பார்த்தான். அந்தச் சமயத்தில்தான் அப்பா வாயைத் திறந்தார்.

"பூசாரி, பெரக்கரை நாட்டுக்காரரு வெத்தலையும் இருக்குதுங்க. கையோட அதையுங் கேட்டுருங்க. இதே கெடாய்தான்."

 அப்பா, வேண்டாம், வேண்டாம் என்று மனசு கத்துகிறது. பூசாரி குடுக்கையை மறுபடியும் நிரப்பினார். "கருப்பா! பொண்ணப் பெரக்கரை நாட்டு ஊட்டுக்குக் குடுக்கச் சம்மதமா?" ஊற்றினார்.

சிலுப்பேன்! என் தங்கமே, ஒரு தடவை சிலுப்பேன்! மூன்று நாளாக எதை நிறுத்தப் பாடுபட்டேனோ அதைச் செய்யச் சொல்லி இப்போது உள்ளுக்குள் கெஞ்சினேன். கிடாய் என்னைப் பார்த்தது. அதற்கு ஒரே சந்தோஷம், எஜமானி கற்றுக்கொடுத்தபடி சமர்த்தாக நின்றது. அவன் உதடுகள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தன. இரண்டாம் முறை. நான் வாயைத் திறந்தேன். குளிப்பாட்டிப் பழக்கியது நான்தான், சாமி இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் முதல் கேள்வியும் செல்லாது. மாமன் வீட்டுக்கும் மறுபடி கேட்பார்கள். சாமியையே ஏமாற்றியவள் என்று ஊர் காறித் துப்பும், கருப்பனார் கண்ணைப் பிடுங்கிவிடுவார். மூன்றாம் முறையும் ஊற்றியாயிற்று. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு ஊட்டுக்கும் இல்லீங்க. மூணு அறுப்புக் கழியட்டும்" என்றார் பூசாரி.

போக எழுந்த மாமன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "சரி உடு மாப்பள. ரெண்டு பேத்துக்கும் இல்லீன்னுருச்சு. சாமி சொன்னா யாரு என்ன பண்றது" என்று அப்பாவிடம் சொல்லி, மடியிலிருந்து பாக்கை எடுத்து எதிர்ப்பக்கத்துக்காரருக்கும் கொடுத்தார். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். அவன் மட்டும் கிடாயைப் பார்த்தபடியே நின்றான். என் வாழ்க்கை போய்விட்டது, இவர்களுக்குப் பாக்கு ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் கழித்து அவன் ஊர் திரும்பினான். போவதற்கு முன்னால் அக்கரைக் கொல்லையில் மூன்று தட்டுச் சத்தம் கேட்டது. அறுத்த கொல்லையில் விரட்ட ஏது கிளி? நான் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தேன். தகரம் என்னிடம் இல்லை. உலக்கையை ஓங்கி உரலில் இரண்டு போடு போட்டேன். கேட்டிருக்குமோ என்னவோ. கண்ணீர் சாமையில் விழுந்துகொண்டே இருந்தது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

கருப்பனார்மேல் கோபப்பட முடியாது. கிடாய்மேலும் முடியாது. என்மேல் கோபப்பட எனக்கு அப்போது தெரியவில்லை. மிச்சம் இருந்தவர் அப்பா. கேட்கச் சொன்னது அவர்தானே? யார் கேட்டார்கள் அவரை? அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். களியை வைப்பேன், குழம்பை ஊற்றுவேன், திரும்பிப் போய்விடுவேன். முதல் வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. பிற்பாடு 'சாப்பாடு', 'மாடு வந்தாச்சு' என்கிற மாதிரி ஒரு சொல், இரண்டு சொல். நான் அவர் மகள்தானே, பிடிவாதத்துக்கு என்ன குறைச்சல்.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிடாயோடு பேசத் தொடங்கினார். சிலுப்பாத கிடாயை வெட்டுவதில்லை என்பதால் அது வீட்டோடு இருந்து கொம்பும் தாடியும் வளர்த்துக்கொண்டு, நாற்றம் பிடித்துத் திரிந்தது. "உங்க எசமானிகிட்டச் சொல்லு, கொஞ்சம் மோரு வேணுமாமா" என்பார் அதனிடம். நான் மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவேன். ஒவ்வொரு வருஷமும் தினை பால் பிடித்தால் காவலுக்கு அப்பாவே போனார், என்னை விடவில்லை. அதுவும் ஒரு கோபம். சாயங்காலம் வந்து காலைக் கழுவிக்கொண்டே கிடாயிடம் சொல்வார்: "அக்கரைப் பையன் இந்த வருசமும் வந்துட்டான்டா. தோளெல்லாம் அகலமாயிருச்சு." இன்னொரு நாள்: "அவனுக்குக் கால்ல முள்ளுக் குத்தி சீழ் புடிச்சிருக்குதாட்ட. நொண்டறான்." மறுநாள்: "இன்னைக்குப் பரவால்ல." நான் அடுப்பங்கரையில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். பொழுது போகாத மனுஷன் ஆட்டோடு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். வேண்டுமென்றே என் புண்ணைக் கிளறுகிறார் என்றும் சில நாள் நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் மாமன் தன் மகனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார். அவரே வந்து அப்பா கையில் முதல் வெற்றிலை கொடுத்து அழைத்தார். அம்மா அத்தை முறைக்குச் செய்கிற சீரையெல்லாம் செய்து, கல்யாணத்தில் முன்னால் நின்று ஆடினாள். மாமன் மகன் என்னைப் பார்த்து, "மூக்குல மொளகு ஏதாச்சும் மிச்சமிருக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் அறுப்பு முடிந்தது. பெரக்கரை நாட்டு வெற்றிலை மறுபடியும் எங்கள் வாசலுக்கு வந்தது. அவன் காத்திருந்தான். அப்பா புதிதாக ஒரு செங்கிடாய் பிடித்துவந்தார். நான் வழக்கம்போலக் கயிற்றை வாங்கக் கை நீட்டினேன். அப்பா கொடுக்கவில்லை.

"இந்தக் கெடாய நான் பாத்துக்கறன் கண்ணு. நீ குளிப்பாட்ட வேண்டாம்."

 மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"அப்பவேதான். தண்ணி ஊத்த ஊத்த எருமையாட்ட நிக்குதே, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேதான் ரெண்டாவதையும் கேக்கச் சொன்னீங்களா?"

"ஆமா கண்ணு" என்றார்.  கிடாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆறிய கோபம் மறுபடி கொதித்தது. தெரிந்தே செய்தாராமே! பெற்ற மகளை மூன்று வருஷம் வேகவைத்துப் பார்த்தாராமே!

செங்கிடாய், பூசாரி குடுக்கையை உயர்த்தியபோதே சிலுப்பிவிட்டது. தண்ணீர் விழவே இல்லை, தலையிலிருந்து வால்வரை உதறிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணத்தில் மாமன்தான் என் தலையில் முதல் பூவை வைத்தார். அதுவரை 'அவன்' என்று வந்தவர் அன்றோடு 'அவர்' ஆனார். எல்லாம் நன்றாக நடந்தது. ஆனாலும் அப்பாமேல் நெஞ்சுக்குள் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. பேசினேன், சிரித்தேன், வரும்போதெல்லாம் அவருக்குப் பிடித்த வாழைப்பழம் கொண்டுவந்தேன். அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. அவரும் அவிழ்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார்.

அவர் போய் மூன்று வருஷத்தில் அம்மா படுக்கையில் விழுந்தாள். சேதி போன அன்றே மாமன் வந்துவிட்டார். தள்ளாத வயதில், கொட்டுகிற மழையில், இரண்டு மலை ஏறி இறங்கி வந்திருந்தார். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். எங்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்த அம்மா, "அண்ணா, வந்துட்டியா?" என்று கேட்டாள். அது ஒன்றைத்தான் கடைசியாகத் தெளிவாகப் பேசினாள்.

எல்லாம் முடிந்த பிறகு மாமன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கருப்பனார் கோயில்ல எனக்கு இல்லீன்னு ஆனதும், துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுட்டன் கண்ணு. அப்படியே போயிருந்தா, இல்லீன்னா அக்கரைக்காரனுக்கு மட்டும் சாமி குடுத்துருந்தா, செத்தாலும் இந்த வாசல மிதிச்சிருக்க மாட்டன். எம் புத்தி அப்படி. உங்கப்பன் அவனுக்குங் கேக்கச் சொல்லி, அவனுக்கும் இல்லீன்னு ஆச்சு பாரு, அதுலதான் எம் மனசு ஆறுச்சு. எல்லாம் சாமி புண்ணியம்."

நான் தலையாட்டினேன். அது சாமி இல்லை, அப்பா என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எழுந்து ஊற்றுக்குழிப் பக்கம் போனேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்பா என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பதினைந்து வயதில் என் முகத்தில் அது நின்றிருக்கும், மாமன் பார்த்திருப்பார். அதனால் சொல்லவில்லை. என் கையால் களியை வாங்கித் தின்றுகொண்டு, நான் முகம் திருப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு, மூன்று வருஷம் ஆட்டோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தனையும் எனக்காகப் பேசியது. அப்பா, அப்பா என்று நான்கைந்து தடவை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அம்மாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் என்னைத் தேற்ற வந்தார்கள்.